பேரனும் உதறுகிறான், பேத்தியும் உதறுகிறாள்

கேள்வி: எனக்கு 67 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மும்பைதான். இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுடைய பெண்ணுக்கு 9 வயது. சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் தோளுக்கு நேரே தூக்கி, ஈரக் கையை உதறுவதுபோல் உதறுவாள். மகள் டோம்பிவிலியில் இருக்கிறாள். அவள் பையனுக்கு நாலரை வயது. அவனும் அச்சு அசலாக அதேபோல் உதறுகிறான். இரண்டு பேரையும் ஒரே டாக்டரிடம்தான் காட்டினோம். பேத்திக்கு ஒன்றுமில்லை என்றார். பேரனுக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே உதறலுக்கு ஒரே டாக்டர் எப்படி இரண்டு விதமாகச் சொல்வார்? மகளும் மருமகளும் இதனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. நான் “கை!” என்று ஓர் அதட்டுப் போட்டால் பேரன் நிறுத்திவிடுகிறான். இப்படியே பழக்கினால் சரியாகிவிடுமா?

ஓர் ஆச்சி, செம்பூர்

(கடிதம் ஆறு பக்கம். சுருக்கியிருக்கிறேன். விட்டுப்போனவற்றில் வேண்டியவை பதிலில் வரும்.)

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கேள்விக்காக, இரண்டாம் தடவை நான்காவது பக்கத்துக்காக. அந்தப் பக்கத்தில் பேரனின் சமர்த்தைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “தாகம் எடுத்தால் என்னிடம் வந்து ‘தண்ணி வேணுமாடா கண்ணா?’ என்று கேட்பான், சிரிப்பாக இருக்கும்.” டாக்டர் ஏன் அப்படி எழுதினார் என்பதற்குப் பதில் இந்த வரியில் பாதி இருக்கிறது.

நீங்கள் அவனிடம் கேட்கும் கேள்வியை, உங்கள் ராகத்தோடு சேர்த்து எடுத்து, தன் தாகத்தைச் சொல்லும் வாக்கியமாக வைத்துக்கொண்டிருக்கிறான். அதைச் சொன்னால் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறானே, சமர்த்துதான். ஆனால் நாலரை வயதுப் பிள்ளை ‘எனக்கு’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி 1943இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு குழந்தை மருத்துவத்தில் அங்கிருந்துதான் வேர் பிடித்தது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது, ‘நான்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நீ’ வருவது, இரண்டையும் அவர் அப்போதே குறித்து வைத்திருக்கிறார்.

அதே பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிஸ்கட் வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்ட மாட்டான். உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டப்பாமேல் வைப்பான். சட்டைக் கழுத்தில் இருக்கிற லேபிளை வெட்டினால்தான் போட்டுக்கொள்வான். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசை வைப்பான். யாராவது ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். உங்கள் வீட்டுக்கு வர குர்லாவில் வண்டி மாறும்போது ஒரு ஃபாஸ்ட் லோக்கல் தடதடவென்று கடந்தால் கை உதறல் தொடங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். வண்டி போன பிறகும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்போது பேத்தி. மேட்சில் சிக்ஸர் போனால் உதறுவாள். உதறிக்கொண்டே உங்கள் பக்கம் திரும்பி “ஆச்சி, பாத்தியா, பாத்தியா!” என்று உலுக்குவாள். பள்ளியில் நாலு சிநேகிதிகள். ஒருத்தியோடு இந்த வாரம் ‘கட்டி’ விட்டிருக்கிறாள் (நம் ஊர்க் ‘காய்’). யாரோடு சண்டை, எதற்குச் சண்டை, யார் முதலில் பேச வேண்டும் என்று முக்கால் மணி நேரம் கதை சொல்கிறாள்.

இரண்டு பேருடைய கையும் ஒன்றுதான். டாக்டர் கையைச் சுற்றி இருப்பதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். நான் இரண்டு பிள்ளைகளையும் நேரில் பார்க்கவில்லை. தவிர, நான் ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இன்னது என்று எழுதிக் கொடுப்பது டாக்டர் வேலை. ஆனாலும் அவர் ஏன் இரண்டு விதமாகச் சொன்னார் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே எனக்குப் புரிகிறது.

டாக்டர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு 2013இல் வந்தது. ஆட்டிசத்துக்கு அதில் இரண்டு பகுதி பார்க்கச் சொல்லியிருக்கிறது. பிறரோடு பழகுவது, சைகையும் முகபாவமும் கலந்து பேசுவது, உறவை வளர்த்துக்கொள்வது, இந்த மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். இது முதல் பகுதி. இரண்டாவதில் நான்கு இருக்கின்றன: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவோ பேச்சோ, வழக்கம் மாறினால் தாங்காத பிடிவாதம், ஒன்றிலேயே மூழ்கிய ஈடுபாடு, சத்தமும் தொடுதலும் வெளிச்சமும் அளவுக்கு மீறியோ குறைந்தோ உறைப்பது. நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இதெல்லாம் சின்ன வயதிலேயே தொடங்கி, அன்றாடப் பாட்டைப் பாதிக்கவும் வேண்டும். கை உதறல் அந்த நான்கில் ஒன்றுக்குள் வரும் ஓர் உதாரணம், அவ்வளவே. அதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று எழுத முடியாது. அது இல்லை என்பதால் ஆட்டிசம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்த அசைவுகளுக்கு இப்போது எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்டிம்மிங். ‘தன்தூண்டல்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். என் அறைக்கு வரும் அம்மாக்கள் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “உதறுறான்”, “சுத்துறான்”, “முன்னாடி பின்னாடி ஆடுறான்” என்பார்கள். எனக்கு அதுவே போதும். உள்ளே ஏதோ ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. உடம்பு தன்னைத்தானே ஒரு நிதானத்துக்குக் கொண்டுவர அசைகிறது. கூடுவது சந்தோஷமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், வெறும் அலுப்பாகவும் இருக்கலாம்.

இது யாரிடம் இல்லை? எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் சாதாரணமாக வளர்ந்த 20 கைக்குழந்தைகளை அவர்களுடைய முதல் வருஷம் முழுக்கக் கவனித்து 1979இல் எழுதினார். உதைப்பது, ஆடுவது, கையை அடிப்பது என்று 47 விதத் தாள அசைவுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். பெரியவர்களானதும் நாம் அதை விட்டுவிடுவதில்லை, கொஞ்சம் மரியாதையான உருவம் கொடுத்துவிடுகிறோம். சண்முகானந்தா ஹாலில் கச்சேரி நடக்கும்போது மேடையை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலி மாமாக்களின் தொடையைப் பாருங்கள். (தாளம் சரியா என்பது வேறு விஷயம்.) காலை லோக்கலில் ஜால்ரா தட்டி, கண்ணை மூடி ஆடி, பஜனை பாடிக்கொண்டே ஆபீஸ் போகிறவர்களை யாரும் டாக்டரிடம் அனுப்புவதில்லை. அவ்வளவு ஏன், ஊஞ்சல்? முன்னும் பின்னும் ஆடுவதற்கென்றே பலகை இழைத்து, சங்கிலி மாட்டி, வீட்டு நடுக்கூடத்தில் தொங்கவிட்டவர்கள் நாம். காலை ஆட்டினால் லட்சுமி தங்க மாட்டாள் என்று பேரனை அதட்டும் தாத்தா, ஊஞ்சலில் ஆடிக்கொண்டேதான் அதட்டுவார்.

உங்கள் வீட்டுக்காரர் கணக்கு எழுதும்போது விரலைச் சொடுக்கிக்கொண்டே இருப்பார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, “இதுவும் அதுவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதேதான்.

அப்படியானால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு என்ன வித்தியாசம்? பெரும்பாலும் அளவுதான். அடிக்கடி, அதிக நேரம், மறைக்காமல் செய்வார்கள். அவர்களுக்குத் தேவையும் அதிகம். நமக்கு மிக்ஸி சத்தம் மிக்ஸி சத்தம். உங்கள் பேரனுக்கு அது காதுக்குள் இறங்கி அரைக்கிற மாதிரி இருக்கலாம்.

பேத்தியிடம் இருப்பதற்கு, அதாவது ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதற்கு, மோட்டார் ஸ்டீரியோடைப்பி என்று பெயர். வேறு எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளிடமும் வரும். பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, வருஷக்கணக்கில் ஒரே வடிவத்தில் நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றுவிடும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். கண்சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டையைச் செருமுவது போன்ற ‘டிக்’ வேறு. அது வழக்கமாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தொடங்கும், கொஞ்ச நாள் கண்ணில், கொஞ்ச நாள் தோளில் என்று இடம் மாறும். பேத்தி விஷயத்தில் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகித் தங்கள் சிரமத்தை மறைப்பதில் கில்லாடிகள். அதனால் சிலருக்கு ஆட்டிசம் வெகு தாமதமாகத்தான் தெரியவரும். பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டு வாசற்படி ஏறியதும் தினமும் உடைந்து அழுகிறாள் என்றால் இன்னொரு தரம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

கை அசைவு எதுவானாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அசையும்போது கண் நிலைகுத்தி, தொட்டாலும் உணர்வில்லாமல் சில நொடி போய்விடுவது. அது வலிப்பாக இருக்கலாம், முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வந்த பேச்சு போய்விடுவது. ஒன்றிரண்டு வயதுப் பெண் குழந்தை பொருளைப் பிடிக்கும் பழக்கத்தை இழந்து, கையைத் துணி பிழிவதுபோல் பிசைந்துகொண்டே இருப்பது. ரெட் சிண்ட்ரோம் அப்படித் தொடங்கும். சுவரில் தலையை மோதுவது.

சரி, “கை!” என்ற அதட்டலுக்கு வருவோம். இதில் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த ஒரு சென்டரில் ‘குவயட் ஹேண்ட்ஸ்’ என்று ஒரு பயிற்சி. ஐந்து வயதுப் பையன் ஒருவனை என்னிடம் விட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷம் இருந்தால் நோட்டில் ஒரு ஸ்டார். மூன்று வாரத்தில் 20 நிமிஷம் உட்கார்ந்தான். அவன் அம்மா பேடா வாங்கி வந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே அவனுக்குப் பிடித்த யானைப் படத்தின் 12 துண்டுப் புதிரை எடுத்து வைத்தேன். முன்பெல்லாம் நடுநடுவே உதறிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் அடுக்கிவிடுவான். அன்று ஒரு கையை வெளியே எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். திரும்ப அடியில் வைத்துக்கொண்டான். ஐந்து நிமிஷம் ஆகியும் தும்பிக்கையும் ஒரு காதும்தான் சேர்ந்திருந்தன. அவனிடம் இருந்த கவனம் பூராவும் கையை அடக்குவதற்கே செலவாகிவிட்டது, யானைக்கு மிச்சமில்லை. அடுத்த வாரம் அவன் அம்மா போன் செய்தார்: சட்டைக் காலரை மென்று மென்று, மத்தியானத்துக்குள் தொப்பலாக நனைத்துவிடுகிறானாம்.

உங்கள் ஐந்தாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? “அதட்டினால் நிறுத்துகிறான். அப்புறம் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், பல் தடம் இரண்டு நாள் இருக்கிறது.” அம்மா, உதறல் நிற்கவில்லை. பல்லுக்குப் போயிருக்கிறது. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் பேசி 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தத்தையும் பொங்கி வரும் உணர்ச்சியையும் சமாளிக்க இது உதவுகிறது, அடக்கச் சொல்வதுதான் எங்களுக்குப் பிரச்சினை என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். பேச்சு இன்னும் கூடிவராத உங்கள் பேரன் அதைப் பல் தடத்தில் சொல்கிறான்.

ஆகவே முதல் வேலை, அந்த அதட்டலை நிறுத்துங்கள். இரண்டாவது, உங்கள் கடிதத்திலேயே இரண்டு உதறல் இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒன்றைக் குர்லா உதறல் என்போம்: வாய் திறந்திருக்கும், உடம்பு துள்ளும், கண் வண்டிமேல் இருக்கும். அது சந்தோஷம், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இன்னொன்று குக்கர் உதறல்: விசில் வந்தால் தோள் காதுவரை ஏறி, கை வேகமாக, இறுக்கமாக உதறும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. அங்கே கையை விட்டுவிட்டுக் குக்கரைக் கவனியுங்கள். “இப்ப விசில் வரும்” என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், அடுக்களைக் கதவைச் சாத்துங்கள், முடியாவிட்டால் அவனைப் பால்கனிக்கு அனுப்புங்கள். கணபதி விசர்ஜனத்துக்குத் தெருவில் டோல் தாஷா வரும் நாட்களுக்குக் காதை மூடும் ஹெட்போன் மாதிரி ஒன்று கிடைக்கும், வாங்கி வையுங்கள். ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம், எந்த உதறல், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கடிப்பதைத் தடுக்கத்தான் வேண்டும், காயம் ஆகிறது. பல்வலியோ காதுவலியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலியும் கடியாக வரும். அப்புறம், மெல்லுவதற்கென்றே ரப்பர் பொருள்கள் இருக்கின்றன, உங்கள் ஊர் ஓ.டி. சொல்வார். சப்பாத்தி மாவு பிசைவது, அரிசிப் பையை இழுத்து வருவது போன்ற கைக்குப் பலம் கேட்கும் வேலைகள் சில பிள்ளைகளை நன்றாக அமர்த்தும். பிசைந்த மாவு சப்பாத்திக்கு உதவாவிட்டால் என்மேல் கோபப்படாதீர்கள்.

பிளாட்பாரத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு. மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால், ஒரு தூணில் முதுகு சாய்ந்து நின்று, அவனுடைய கையை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதறட்டும். லேடீஸ் டப்பாவில் யாராவது “க்யா ஹுவா பச்சே கோ?” (பிள்ளைக்கு என்ன ஆச்சு?) என்று கேட்டால், “ட்ரெயின் தேக் கே குஷ் ஹோ கயா” (ரயிலைப் பார்த்துச் சந்தோஷம்) என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அதற்குமேல் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

கையில் செலவழித்த உழைப்பையெல்லாம் அந்தத் தண்ணீர் வாக்கியத்துக்குத் திருப்புங்கள். ஸ்பீச் தெரபிக்கு இன்னும் போகவில்லை என்று தெரிகிறது, போங்கள். வீட்டில் அவன் “தண்ணி வேணுமாடா கண்ணா?” என்று வந்தால் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். அவன் வாயில் எப்படி வர வேண்டுமோ அப்படி நீங்கள் சொல்லுங்கள்: “எனக்குத் தண்ணி வேணும்.” சொன்ன கையோடு டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று நிறுத்தி வைக்க வேண்டாம், தாகம் பரீட்சை இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தண்ணீர் குடிப்பான் என்றால் பத்துத் தடவை காதில் விழும்.

இதெல்லாம் செய்தால் ஆட்டிசம் போய்விடுமா என்றால், போகாது. அவன் வளர்வான், பேச்சு கூடும், உதறல் குறையலாம் அல்லது வேறு உருவத்துக்கு மாறலாம். உதறலை நிறுத்தவென்று மருந்து கிடையாது. உங்கள் கட்டடத்தில் யாரோ சொன்ன ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அந்தப் பணத்தை வங்கியிலேயே போட்டு வையுங்கள். தாயத்து கட்டினால் கழுத்துக் கயிறு அவனுக்கு உறுத்துமா என்று பாருங்கள், என் கவலை அவ்வளவுதான். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் பள்ளியில் உதவும். நிராமயா என்று ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது.

மகள், மருமகள் மனஸ்தாபம் என் வேலைக்கு வெளியே. ஆனாலும், “உன் பெண்ணும் அதையேதானே செய்கிறாள்” என்ற வாக்கியம் இரண்டு வீட்டிலும் புழங்காமல் பார்த்துக்கொண்டால் பாதி தணியும். நான்காவது பக்கத்தை மகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், மருமகள் இல்லாத நேரமாகப் பார்த்து.

கடைசியாக, தை மாதம் ஊரில் தம்பி மகள் கல்யாணத்துக்குப் பேரனை அழைத்துப் போகலாமா, சபையில் உதறினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். சபையில் உதறினால் உதறட்டும். பட்டு வேட்டியை முந்தின வாரமே வீட்டில் இரண்டு நாள் கட்டிப் பழக்குங்கள், ஜரிகை குத்தும். குத்தினால் பருத்தியே போதும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் அவனுக்கு ஆகாது. மண்டபம் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்து நிமிஷம் உங்கள் மருமகனை விட்டு அவனை அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.